பென்சிலால் எழுதிய அளவு

என் காற்சட்டை அளவு 34. கலியாணத்துக்கு முந்தின வருடமும் 34, மூத்த மகள் ஏ.எல். எழுதிய வருடமும் 34. கடையில் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன், சிலர் தங்கள் இரத்த வகையைச் சொல்வதுபோல.

அதனால்தான் போன வருடம் கிளினிக்கில், மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி என் வயிற்றைச் சுற்றி நாடாவைப் போட்டு, "தொண்ணூற்றெட்டு" என்று வாசித்துக் கொப்பியில் எழுதியபோது, அவருக்குத்தான் பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். 98 சென்ரிமீற்றர் என்றால் முப்பத்தெட்டரை அங்குலம். "மிஸ்ஸி, நான் முப்பத்துநாலு" என்றேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அது காற்சட்டை. இது நீங்க."

வேறு யாருக்கும் இது சின்ன விஷயம். எனக்கு மானப் பிரச்சினை. நான் தையற்காரரின் மகன்.

அப்பாவின் கடை திருகோணமலை சென்ட்ரல் ரோட்டிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கையில் இருந்தது. ஒரு கால் மெஷின், வெட்டு மேசை, சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்ட அளவுக் கொப்பிகள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பா அளக்க அளக்க நான்தான் எழுதுவேன். தோள், கை நீளம், கால் நீளம் எல்லாம் பேனையால். இடுப்பு மட்டும் பென்சிலால். ஏனென்று கேட்ட நாள் நினைவிருக்கிறது. "எலும்பு மாறாது தம்பி, வண்டி மாறும்" என்றார்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் தொப்பையை வண்டி என்போம். "தம்பிக்கு வண்டி வைச்சிட்டுது" என்று ஒருவர் சொன்னால் அது குறையல்ல. உத்தியோகம் நிரந்தரமாகிவிட்டது, வீட்டில் நல்ல சாப்பாடு, கடன்காரர் யாரும் வாசலுக்கு வருவதில்லை என்பதற்கெல்லாம் சேர்த்துக் கொடுக்கிற சான்றிதழ். அப்பாவின் கொப்பியில் 1990 ஆம் ஆண்டு நடுவில் பல மாதங்களுக்கு எழுத்தே இல்லை. போரில் ஊர் சிதறிப் போயிருந்த காலம். திரும்பி வந்தவர்களின் பழைய உடுப்பைத்தான் அப்பா முதலில் தைத்தார், புதிதாக அல்ல, பிடித்து. எல்லோருக்கும் இடுப்பில் இரண்டு மூன்று அங்குலம் குறைந்திருந்தது. அதைக் கண்ணால் பார்த்த ஒரு தலைமுறை, கொஞ்சம் சதை போட்டவனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மெலிவு என்றால் முகாம், வண்டி என்றால் வீடு.

சரி, 34 எப்படி 34 ஆகவே நின்றது? தொழில் ரகசியம் இதுதான். வயிறு பெருக்கிறவர் பெரிய இடுப்பளவு கேட்பதில்லை, பெல்ட்டைக் கீழே இறக்குகிறார். தொப்புளுக்கு நேரே நின்ற காற்சட்டை மெல்ல மெல்ல வயிற்றுக்குக் கீழே வந்து இடுப்பெலும்பில் உட்கார்ந்துகொள்ளும். அங்கே எலும்புதான் இருக்கிறது, சுற்றளவு பெரிதாக மாறாது. அப்பாவும் விட்டுக்கொடுத்து முன்பக்கத்தை அரை அங்குலம் இறக்கி வெட்டுவார், பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துவார். வாடிக்கையாளர் கண்ணாடியைப் பார்த்து "இன்னும் அதே அளவுதான்" என்பார். அப்பா மறுத்ததே இல்லை. வியாபாரம்.

மருத்துவத்தில் அளக்கிற இடம் வேறு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு முடிக்கிற நேரத்தில், நாடாவை இறுக்காமல் கிடையாகப் பிடித்து அளக்க வேண்டும். அநேகமானவர்களுக்கு அது தொப்புளுக்குக் கிட்ட வரும். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. நான் இழுத்தேன். மிஸ்ஸி காத்துக்கொண்டு நின்றார். மூச்சை எவ்வளவு நேரம்தான் பிடிக்கலாம்?

எனக்கு உயரம் 168 சென்ரிமீற்றர், அன்றைய நிறை 67 கிலோ. உயரத்துக்கு நிறை பொருந்துகிறதா என்று பார்க்கிற உடற்திணிவுச் சுட்டி (BMI) 23.7. வழக்கமான அட்டவணையில் 25க்குக் கீழே என்றால் பச்சை. என் கையும் காலும் மெலிந்தவை. சேர்ட்டை வெளியே விட்டால் என்னை யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த அட்டவணை எங்களைப் போன்ற உடம்பைப் பார்த்து எழுதியதல்ல. உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2004 இல், ஆசியர்கள் 23 இலேயே கவனிக்கத் தொடங்க வேண்டும் என்றது. வயிற்றுச் சுற்றளவிலும் அப்படித்தான். ஐரோப்பிய ஆணுக்கு 94 சென்ரிமீற்றர் எல்லை, தெற்காசிய ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80. நாடாவும் இலக்கமும் ஞாபகத்தில் நிற்காதவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு: வயிறு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஒரு கயிற்றை உங்கள் உயரத்துக்கு வெட்டி இரண்டாக மடித்து வயிற்றில் சுற்றிப் பாருங்கள். எனக்கு எட்டவில்லை.

அதே 2004 இல் லான்செட் மருத்துவச் சஞ்சிகையில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டு ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்கள். ஒருவர் லண்டனைச் சேர்ந்த யட்கின், மற்றவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி சரியாக 22.3. உடற்கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தராசுக்கு இருவரும் ஒன்றுதான். யாஜ்னிக்கின் குழு இது பிறப்பிலேயே தொடங்குகிறது என்றும் காட்டியது. புனேயில் பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 3.5. எங்கள் பிள்ளைகளுக்குக் குறைந்து கிடப்பது தசையும் உறுப்பும். கொழுப்பு அவ்வளவு குறையவில்லை. ஒல்லியாகப் பிறந்து ஒல்லியாகவே வளர்ந்து, நாற்பதில் வயிற்றில் மட்டும் வைக்கிற உடம்பு. என் சொந்தக்காரரின் கலியாண வீட்டுப் படத்தை எடுத்துப் பார்த்தால் பாதி ஆண்கள் இந்தக் கணக்குத்தான்.

வயிற்றில் இருக்கிற கொழுப்பு இரண்டு வகை. விரலால் கிள்ளிப் பிடிக்கக்கூடியது தோலுக்குக் கீழே இருப்பது. அது அழகைக் கெடுக்கும், மற்றப்படி பெரிய குழப்பக்காரன் இல்லை. குழப்பக்காரன் உள்ளே, குடலைச் சுற்றி இருப்பவன். சனிக்கிழமை ஆட்டுக் குடல் வாங்கிச் சுத்தம் செய்கிறவர்களுக்கு அவனைத் தெரியும். குடலின் மேல் வெள்ளை வலை போர்த்தியதுபோல ஒரு கொழுப்பு வருமே, அதுதான். நம் உள்ளேயும் அதே வலை. சிலர் வயிற்றைத் தட்டிக்காட்டி "கல்லு மாதிரி இருக்கு பார், இது கொழுப்பில்லை" என்பார்கள். கல்லு மாதிரி இருந்தால்தான் யோசிக்க வேண்டும். கிள்ளக்கூடியது வெளியே குறைவாக இருக்கிறது, உள்ளே நிரம்பித் தசைச்சுவரை முன்னே தள்ளுகிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

அந்த வலை சும்மா கிடப்பதில்லை என்பதுதான் விஷயம். கொழுப்பு என்பது வீட்டின் பின்னால் அடுக்கிய விறகு, தேவைப்பட்டால் எரிப்பது, அவ்வளவுதான் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1994 இல் லெப்ரின் என்ற ஓமோனைக் கொழுப்புக் கலங்களே சுரப்பது தெரியவந்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. உள்ளுறுப்புக் கொழுப்பு அழற்சியைக் கிளப்பும் பொருட்களைச் சுரக்கிறது. இன்சுலினுக்கு உதவுகிற அடிப்போனெக்ரின் குறைந்துபோகிறது. இருக்கிற இடமும் மோசம். குடலைச் சுற்றிய இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை, விஞ்ஞானப் பாடத்தில் படம் கீறிப் பெயரிட்டோமே, அந்த ஈரல் வாயினாளத்தால் முதலில் ஈரலுக்குப் போகிறது. இந்தக் கொழுப்பிலிருந்து கசிகிற கொழுப்பமிலங்களும் அதே வழியால் ஈரலுக்குள் கொட்டுப்படும். ஈரல் வாங்கி வாங்கித் தன்னிடமே அடுக்கி வைக்கும். பிறகு இன்சுலின் சொல்வது ஈரலுக்குக் கேட்காது. "சீனியை வெளியே விடாதே" என்று இன்சுலின் சொல்லும், ஈரல் விட்டுக்கொண்டே இருக்கும். சதையி இன்னும் கூட இன்சுலினைச் சுரந்து பல வருடம் சமாளிக்கும். அந்தப் பல வருடமும் நமக்கு ஒன்றும் தெரியாது. களைத்துப்போகிற நாளில் வருவதைத்தான் நாம் சீனி வருத்தம் என்கிறோம், என்னவோ நேற்றுத்தான் வந்தது மாதிரி.

என் கொப்பியில் அன்று எழுதியவை: வெறுவயிற்றுச் சீனி 112. இரத்த அழுத்தம் 136க்கு 88. இரத்தத்தில் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு 210. நல்ல கொலஸ்ரோல் 36. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் "கொஞ்சம் கவனமாக இருங்க" என்கிற அளவு. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் "ஒன்றுமில்லை, போடர், எல்லையில்தான் நிற்குது" என்று சொல்லலாம். ஆனால் வயிறு எல்லையைத் தாண்டி, அதோடு இந்த நான்கில் இரண்டு பிழைத்தாலே அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, வளர்சிதை மாற்றக் கோளாறுத் தொகுதி. எனக்கு நான்கும். டொக்டர் அம்மா சத்தம் போடாமல் விளக்கினார். மாரடைப்பு, பாரிசவாதம், சீனி வருத்தம் மூன்றுக்கும் இது ஒரே வாசல். 52 நாடுகளில் நடந்து 2004 இல் வெளிவந்த இன்ரர்ஹார்ட் ஆய்வில் மாரடைப்புக்கான ஒன்பது முக்கிய காரணங்களில் வயிற்றுப் பருமனும் ஒன்று. அதில் முதல் மாரடைப்பு தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முந்தி, ஐம்பத்துமூன்று வயதளவில் வந்திருந்தது. எனக்கு நாற்பத்தொன்பது.

ஸ்கான் எடுத்ததில் ஈரலில் கொழுப்பு. இதுதான் வீட்டில் பெரிய நாடகம். ஈரல் என்றாலே எங்கள் ஊரில் சாராயம். நான் வாழ்நாளில் தொட்டதில்லை. மாமி இரண்டு நாள் யோசித்துவிட்டு, மனைவி இல்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்க. களவாக் குடிக்கிறீங்களா?" நான் குடித்தது பால் தேத்தண்ணிதான் மாமி என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் அது உண்மை. அலுவலகத்தில் கதிரையை விட்டு எழும்பாமல் ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. பத்துக் கரண்டி என்றால் நாற்பது கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது, அதுவும் நாள் முழுதும் சாப்பிடுகிற எல்லாவற்றிலும் சேர்த்து. காலையில் பாண், பத்து மணிக்கு ஒரு ரோல்ஸ், மத்தியானம் மலைபோலச் சோறு, பின்னேரம் கடற்கரையில் இறால் வடை, இரவு ஒன்பதரைக்குக் கொத்து. சீனக்குடாவில் நாட்டுக்கே மா அரைக்கிற ஆலை இருக்கிறது. அதில் என் பங்கு கொஞ்சம் அதிகமாகவே போயிருக்கிறது.

குறட்டையையும் சொல்ல வேண்டும். மனைவி சொல்லிச் சொல்லி அலுத்திருந்தார். இரவில் மூச்சு நின்று நின்று வருவதற்கும் வயிற்றுப் பருமனுக்கும் தொடர்பு உண்டு. குடல், ஈரல், சதையிப் புற்றுநோய்களுக்கும் உண்டு. இவற்றை நான் ஒரு வரியில் கடந்துபோகிறேன், ஏனென்றால் அன்றிரவு படுத்துக்கொண்டு கைப்பேசியில் எல்லாவற்றையும் வாசித்து விடியும் வரை தூங்காமல் கிடந்தேன். அதுவும் ஆரோக்கியம் இல்லை.

வாசித்ததில் ஒன்று மட்டும் என்னைக் கட்டிப்போட்டது. லண்டனில் ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர் இரட்டைத் தட்டு பஸ்களின் சாரதிகளையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். நாள் முழுதும் படியேறி இறங்குகிற நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே இருக்கிற சாரதிகளுக்கு இதய நோய் அதிகம் என்று 1953 இல் எழுதினார். இது பலருக்குத் தெரிந்த கதை. மூன்று வருடம் கழித்து அவர் எழுதிய இன்னொரு கட்டுரை சீருடைகளைப் பற்றியது. ஆட்களை வரவழைத்து அளக்காமல், அவர்களுக்குக் கொடுத்த காற்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். எந்த வயதிலும் சாரதிகளின் இடுப்பு நடத்துநர்களுடையதைவிடப் பெரிது.

அடுத்த நாள் இதை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு வயது 76. ஒரு காலத்தில் டிப்போக்காரர் பலருக்குக் காக்கி தைத்தவர். ஒரு ஆச்சரியமும் காட்டவில்லை. "அதுக்கு லண்டனுக்கு ஏன் போனவர்? இஞ்ச கேட்டிருக்கலாமே. ட்ரைவர்மாருக்கு நான் எப்பவும் உள்ளுக்கு ரெண்டு இஞ்சி விட்டுத்தான் வெட்டுறது. கொண்டக்டருக்கு ஒண்டு போதும்."

பின் தையலில் மடித்து உள்ளே விடுகிற துணியைச் சொல்கிறார். பிறகு வயிறு பெருத்தால் பிரித்து விரிக்கலாம்.

அந்தக் கொப்பிகளில் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. புரட்டினேன். ஒரே பெயருக்கு நேரே பேனையில் தோள் பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. பென்சிலில் முப்பத்திரண்டு, முப்பத்துநாலு, முப்பத்தேழு. அழித்து எழுதிய இடத்தில் தாள் மெலிந்து போயிருக்கிறது. யார் யார் என்று அப்பா சொல்லச் சொல்ல, இவருக்குக் கால் எடுத்தது, இவர் கோயில் திருவிழா நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் என்று எனக்கும் நினைவு வந்தது. எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சுருட்டு இருந்தது, போர் இருந்தது, பரம்பரை இருந்தது. ஆனால் அளவு அங்கே எழுதித்தான் இருந்தது.

அப்பாவின் பெயர் அதில் இல்லை. ஊருக்கெல்லாம் அளந்தவரை யாரும் அளக்கவில்லை. அவர் கட்டுவது சாரம். சாரம் போல வயிற்றுக்கு இடம்கொடுக்கிற உடுப்பு உலகத்தில் கிடையாது. தெறி இல்லை, கொளுக்கி இல்லை, முடிச்சைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் சரி. காற்சட்டையாவது ஒரு நாள் தெறி பறந்து செய்தி சொல்லும். மெலிந்த மனிதரான அப்பாவுக்கு ஐம்பத்தெட்டில் சீனி வருத்தம் என்றபோது எல்லோரும் "இவருக்கா?" என்றுதான் கேட்டோம். பெண்களுக்கும் இதே கதை, உள்பாவாடை நாடா எந்த அளவுக்கும் முடியும். மனைவியை அளந்தால் 86. எல்லை 80. அவருக்கு மாதவிடாய் நிற்கிற வயது. அந்த வயதில் தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறும். "பிள்ளை வயித்தில இருக்கேக்க அளந்தாங்க. அதுக்குப் பிறகு என்ர வயிறு ஆருக்கு வேணும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த கிழமை இரண்டு பேருமாகப் போனோம். அரச ஆஸ்பத்திரிகளில் தொற்றா நோய்களைச் சோதிக்கிற இலவச நிலையங்கள் 2011 முதல் இருக்கின்றன, 35 தாண்டியவர்கள் யாரும் போகலாம். போனால் அங்கே பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் எல்லோரும் வருத்தம் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வேலையில் இருக்கிறார்கள்.

நான் முதலில் செய்தது மடத்தனம். வயிற்றைச் சுற்றிக் கட்டினால் கொழுப்பை உருக்கும் என்று தெரிந்தவர் ஒருவர் விற்ற பெல்ட்டை வாங்கினேன். திருகோணமலை வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் நடந்தால் உருகுவது நான்தான். வியர்வை போகும், தண்ணீர் குடித்ததும் திரும்பி வரும். இருந்து எழும்பும் பயிற்சி நூறு செய்தாலும் வயிற்றுத் தசைதான் உறுதியாகும், அதற்குப் பின்னாலிருக்கிற கொழுப்பு அந்தப் பயிற்சிக்கென்று தனியாக இறங்காது. உடம்பு எங்கிருந்து எடுக்க வேண்டுமென்று நாம் சொல்ல முடியாது.

நல்ல செய்தி என்னவென்றால், மொத்தமாக எரிக்கத் தொடங்கினால் உள்ளுறுப்புக் கொழுப்புத்தான் முதலில் விட்டுக்கொடுக்கிறவற்றில் ஒன்று. நிறையில் ஐந்து வீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். அமெரிக்காவில் 2002 இல் முடிவு வந்த பெரிய ஆய்வில், நிறையை ஏழு வீதம் குறைப்பது, கிழமைக்கு 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கு வைத்தவர்களுக்குச் சீனி வருத்தம் வருவது 58 வீதம் குறைந்தது. சென்னையில் டொக்டர் இராமச்சந்திரனின் குழு செய்து 2006 இல் வெளியிட்ட ஆய்வில் அது 28.5 வீதம். எனக்கு அந்தச் சென்னை இலக்கத்தில்தான் நம்பிக்கை. எங்களைப் போன்ற உடம்பு, எங்களைப் போன்ற சாப்பாடு.

இப்போது விடியப்புறம் கோட்டை வாசலில் சைக்கிளை விட்டுவிட்டு கோணேசர் கோயில் வரை ஏறுகிறேன். மான்கள் வீதிக்குக் குறுக்கே படுத்திருக்கும், எழும்பாது, நாம்தான் சுற்றிப் போக வேண்டும். முதல் மாதம் பாதி ஏற்றத்தில் மானைப் பார்க்கிற சாட்டில் நின்று மூச்சு வாங்கினேன். சுவாமிப் பாறையில் காற்று முகத்தில் அடிக்கிறபோது ஒரு சின்னப் பெருமை வரும், இறங்குகிற வழியில் வடை வாசம் வரும். தேத்தண்ணியில் சீனியைக் கரண்டி கரண்டியாகக் குறைத்து நான்கு மாதத்தில் விட்டேன். சோற்றைப் பாதியாக்கி மீனையும் முருங்கையிலையையும் கூட்டினேன். இது எங்கள் ஊரில் தியாகமே இல்லை, பாரை மீன் குழம்பு இருக்கிறது. கஷ்டப்பட்டது கொத்துக்குத்தான். மாதம் ஒரு தடவை இன்னும் சாப்பிடுகிறேன், டொக்டர் அம்மா இதை வாசிக்கமாட்டார் என்ற தைரியத்தில்.

பதினான்கு மாதத்தில் 63 கிலோ. வயிறு 92. வெறுவயிற்றுச் சீனி 98. எல்லைக்கு வெளியேதான் இன்னும் நிற்கிறேன், இரண்டு சென்ரிமீற்றர். மனைவி 82.

சித்திரை வருடப் பிறப்புக்கு அப்பாவிடம் ஒரு காற்சட்டை கேட்டேன். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் தைப்பதில்லை, வெட்டிக் கொடுத்தால் பக்கத்துக் கடைப் பெடியன் தைப்பான். நாடாவை எடுத்துக்கொண்டு வந்து வழக்கம்போலக் கீழே பிடித்தார். "அப்பா, மேல. தொப்புளுக்கு நேர" என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உயர்த்தினார். நான் மூச்சை இழுக்கவில்லை.

"முப்பத்தாறே கால்" என்று வாசித்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "உள்ளுக்கு எவ்வளவு விட?"

"வேண்டாம். இனிக் கூடாது."

"ஓமோம்" என்றார்.

துணி தைத்து வந்த அன்று திருப்பிப் பார்த்தேன். பின் தையலில் ஒன்றரை அங்குலம் மடித்து விட்டிருந்தார்.